ஸ்கேனில் தெரியாத அடி

கிருஷ்ணகிரி மாவட்டத்துக் காவேரிப்பட்டணத்தை ஒட்டி எங்கள் குடும்பத்துக்கு ஒரு சிறு மாந்தோப்பு இருக்கிறது. பெங்களூரா காய் இறக்கும் நாட்களில், கீழே விழுந்த காய்களை என் மாமனார் தனிக்கூடையில் போடச் சொல்வார். அவற்றில் தோல் கீறியிருக்காது. கையில் எடுத்துப் பார்த்தால், வலைக்கோலில் பறித்த காய்க்கும் அதற்கும் வேறுபாடே தெரியாது. ஆனால் பழுக்கவைத்து நான்காம் நாள் அறுத்தால், தரையில் மோதிய பக்கம் மட்டும் உள்ளே கறுத்துக் கன்றிப் போயிருக்கும். 2022 நவம்பரில் என் தலைக்கு நேர்ந்ததும் அதுவேதான் என்பதை நான் புரிந்துகொள்ள நான்கு மாதம் ஆயிற்று. அந்த நான்கு மாதத்தில் நான் செய்த தவறுகளையும், பிறகு என்னை மீட்ட சிறு சிறு காரியங்களையும் ஒளிக்காமல் எழுதுகிறேன். எங்கள் மாவட்டத்தில் வண்டியிலிருந்து விழாத குடும்பம் அரிது; விழுந்தவர்களில் எத்தனையோ பேர் 'ஸ்கேனில் ஒன்றுமில்லை' என்ற ஒரே சொல்லோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டு, அதன்பின் தமக்கு என்ன ஆயிற்று என்று தெரியாமலே தவிக்கிறார்கள்.

நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியை. அப்போது வயது 46. மழை பெய்து ஓய்ந்திருந்த ஒரு மாலையில், பள்ளி முடிந்து என் கணவரின் ஸ்கூட்டரில் பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து வந்துகொண்டிருந்தேன். புதிதாகப் போட்டிருந்த வேகத்தடைக்கு இன்னும் வெள்ளைக்கோடு அடித்திருக்கவில்லை. வண்டி தூக்கிப் போட்டதில் நான் மல்லாந்து சாலையில் விழ, பொடனி தரையில் மோதியது. அவர் தலைக்கவசம் அணிந்திருந்தார், நான் அணிந்திருக்கவில்லை. நான் மயங்கவில்லை என்றும், கண்ணைத் திறந்துகொண்டு பேசினேன் என்றும் எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் டீக்கடைக்காரர் ஓடிவந்து தூக்கி உட்காரவைத்ததும், 'என் பை எங்கே' என்று நான் நான்கைந்து தடவை கேட்டதும் பிறர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். விழுந்ததற்கும் மருத்துவமனை வாசலுக்கும் இடைப்பட்ட சுமார் இருபது நிமிடம் இன்றுவரை என் நினைவில் இல்லை. மயக்கம் வராவிட்டாலும் இப்படிச் சிறிது நேரம் நினைவில் பதியாமல் போவதே மூளை அதிர்ந்திருக்கிறது என்பதற்கு ஓர் அடையாளம் என்பதைப் பிற்பாடு அறிந்தேன்.

மருத்துவமனையில் சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள், எலும்பு முறிவும் இல்லை, ரத்தக் கசிவும் இல்லை என்றார்கள். சாலை விபத்தில் அடிபட்டவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி அளிக்கும் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் தொடங்கியது. அப்படியிருந்தும், செலவுக்குப் பயந்து தலையில் அடிபட்டவரை நேரே வீட்டுக்கு அழைத்துப் போகிறவர்களை இன்னும் பார்க்கிறேன். அது உயிரோடு விளையாடுவது. மீண்டும் மீண்டும் வாந்தி, வரவரக் கூடும் தலைவலி, எழுப்பினால் எழாத உறக்கம், பேச்சுக் குழறல், கை கால் பலவீனம், வலிப்பு, ஒரு கண்ணின் பாவை மட்டும் விரிதல், மூக்கிலோ காதிலோ தண்ணீர் போல் வடிதல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் 108ஐ அழைக்க வேண்டும். வயதானவர்களுக்கும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும், லேசான அடிக்குப் பின்கூட மூளையைச் சுற்றி ரத்தம் மெல்லக் கசிந்து, வாரங்கள் கழித்தே நடையிலும் நினைவிலும் தடுமாற்றமாக வெளிப்படலாம். எனக்கு இவை எதுவும் இல்லை. ஆகவே வலி மாத்திரை எழுதிக் கொடுத்து, 'ஒன்றுமில்லை, போய் வாருங்கள்' என்றார்கள்.

அன்றிரவு என்னைத் தூங்கவிடக் கூடாது என்று என் நாத்தனார் விடிய விடியப் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தார். அன்பினால் செய்ததுதான். ஆனால் மருத்துவர் பார்த்து ஆபத்தில்லை என்று சொன்ன பிறகு தூங்குவதில் தவறில்லை. அடிபட்ட மூளைக்கு அந்த உறக்கம் தேவையும்கூட. இடையில் ஓரிரு முறை எழுப்பி, பெயரைக் கேட்டு, சரியாகப் பதில் வருகிறதா என்று பார்த்தால் போதும்.

மூன்றாம் நாள் பள்ளிக்குப் போனேன். பத்தாம் வகுப்பில், இருபது ஆண்டுகளாக மனப்பாடமாக இருந்த செய்யுள் ஒன்றின் முதலடியைச் சொல்லிவிட்டு நின்றேன். இரண்டாம் அடி வரவில்லை. பிள்ளைகள் எடுத்துக் கொடுப்பார்கள் என்று புன்னகையோடு நிற்பதாக அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். எனக்கோ உள்ளே ஒரு வெற்றிடம்; நாக்கு இருக்கிறது, குரல் இருக்கிறது, சொல் இல்லை. அந்தக் கணத்தின் பயத்தை, விழுந்த கணத்தின் வலியைவிட நன்றாக நினைவு வைத்திருக்கிறேன். அடுத்த சில நாட்களில் மற்றவை வந்தன. குழல்விளக்கின் வெளிச்சம் கண்ணைக் குத்தியது. தனியார் பேருந்தின் காற்று ஹாரன் தலைக்குள்ளேயே அடித்தது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் இருவர் பேச்சும் விளங்கவில்லை. படுக்கையில் புரண்டால் கூரை சுழன்றது. விடைத்தாளில் வரிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறின. சின்னக் காரியத்துக்கெல்லாம் மகன்மேல் எரிந்து விழுந்தேன். அப்புறம் அடுப்பங்கரையில் நின்று அழுதேன். ஆசிரியர் அறையில், 'பார்க்க நல்லாத்தானே இருக்கீங்க டீச்சர்' என்றார்கள். கட்டுப் போட்ட கையாக இருந்தால் யாரும் அதில் மூட்டையைத் தூக்கி வைக்க மாட்டார்கள். என் காயத்துக்குக் கட்டு இல்லை.

மூன்று வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு வேலை பார்த்தேன். தேர்வுத் தாள்களை இரவு பதினொரு மணிவரை திருத்தினேன். டிசம்பர் நடுவில் ஒரு காலை எழுந்திருக்கவே முடியவில்லை. இன்னொரு மருத்துவரிடம் போனோம். அவர் ஒரு மாதம் இருட்டறையில் அசையாமல் படுத்திருக்கச் சொல்லி, சத்து மாத்திரைகள் நிறைய எழுதினார். அதையும் அப்படியே செய்தேன். சன்னலுக்குக் கம்பளி கட்டி, புத்தகம் இல்லை, பேச்சு இல்லை, நடை இல்லை என்று பொங்கல்வரை கிடந்தேன். மாமியார் சுக்குப் பற்று போட்டார், வேப்பிலை அடித்தார், உப்பு மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டார். அந்தக் கமறல் தாங்காமல் நான் துடித்ததைப் பார்த்து அவரே அழுதார். ஒரு மாதம் முடிந்தபோது தலைவலி குறையவில்லை. கூடுதலாக, வாசலுக்கு நடந்தாலே மூச்சு வாங்கியது, பகலிரவு தூக்கம் தலைகீழானது, இனி நான் வகுப்பறைக்குத் திரும்பவே மாட்டேன் என்ற எண்ணம் வேர் பிடித்தது.

பிப்ரவரியில் அங்காளம்மன் கோயில் மயானக்கொள்ளை வந்தது. எங்கள் ஊரின் பெரிய நாள் அது. பம்பையும் உடுக்கையும் தெருவில் நெருங்க நெருங்க என்னால் வீட்டில் இருக்க முடியவில்லை. முந்தின நாளே என்னைப் பென்னாகரத்தில் இருக்கும் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பிறந்து வளர்ந்து, வாழ்க்கைப்பட்டும் அதே ஊரில் இருக்கும் ஒருத்தி, தன் அம்மன் வீதி வரும் நாளில் ஊரைவிட்டுப் போவது என்னவென்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். என்னைப் பெங்களூருக்கு அழைத்துப் போவது என்று தம்பி முடிவெடுத்தது அந்த வாரம்தான்.

தலை சம்பந்தமான வியாதி என்றால் எங்கள் மாவட்டத்தார் ஓசூர் வழியாகப் பெங்களூருக்குப் பேருந்து ஏறுவது நெடுநாள் வழக்கம். மார்ச் மாதம் அங்கே என்னைப் பார்த்த நரம்பியல் மருத்துவர் செய்த முதல் நன்மை, நான் சொன்னதை நம்பியது. இரண்டாவது, படம் வரைந்து விளக்கியது. சி.டி. ஸ்கேன் ரத்தக் கசிவையும் எலும்பு முறிவையும் காட்டும். நரம்பணுக்கள் வேலை செய்யும் விதத்தில் ஏற்பட்ட குழப்பத்தைக் காட்டாது. அடி விழுந்த கணத்தில் மண்டைக்குள் மூளை குலுங்க, நரம்பணுக்களிலிருந்து பொட்டாசியம் வெளியேறுகிறது, கால்சியம் உள்ளே புகுகிறது. அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர அணுக்களுக்கு வழக்கத்தைவிட அதிகமாகச் சர்க்கரை தேவைப்படுகிறது. அதே நேரத்தில் மூளைக்கு வரும் ரத்த ஓட்டமோ குறைந்திருக்கிறது. செலவு கூடி வரவு குறைந்த வீட்டைப் போன்றது அந்த நிலை. அதனால் முதல் ஓரிரு நாள் கைப்பேசியையும் கடும் வேலையையும் விட்டு ஓய்வாக இருப்பது சரி. ஆனால் அதற்குப் பிறகும் இருட்டில் கிடப்பது குணப்படுத்தாது, உடம்பின் தாங்குதிறனைத்தான் குறைக்கும். 2022 அக்டோபரில் ஆம்ஸ்டர்டாமில் கூடிய, விளையாட்டில் ஏற்படும் மூளை அதிர்ச்சி குறித்த ஆறாவது சர்வதேச மாநாட்டின் முடிவும் இதையேதான் சொல்கிறது: 24 முதல் 48 மணி நேரம் அளவான ஓய்வு, அதன்பின் மெதுவான நடையும் அன்றாட வேலையும். பெரியவர்களில் பெரும்பாலோர் சில வாரங்களிலேயே தேறிவிடுகிறார்கள். மூன்று மாதம் தாண்டியும் தொல்லை நீடிக்கும் சிறுபான்மையில் நான் ஒருத்தி.

தலைச்சுற்று என்று ஒரே பெயரில் நான் சொல்லிக்கொண்டிருந்தது உண்மையில் மூன்று தனித்தனிக் கோளாறுகள் என்பதுதான் அங்கே எனக்குத் திறந்த கதவு. அதை இங்கே விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் நான்கு மாதம் விழுங்கிய தலைச்சுற்று மாத்திரையால் இந்த மூன்றில் ஒன்றுகூடத் தீர்ந்திருக்காது.

முதலாவது காது. உட்காதில் நம் உடம்பின் நிலையை மூளைக்குச் சொல்லும் மிகச் சிறிய சுண்ணத் துகள்கள் உண்டு. அடியில் அவை இடம் பெயர்ந்து அரைவட்டக் குழாய்களுக்குள் விழுந்துவிட்டால், படுக்கும்போதும் புரளும்போதும் அண்ணாந்து பார்க்கும்போதும் ஒரு நிமிடத்துக்கும் குறைவாக உலகம் சுழலும். இயன்முறை மருத்துவர் என்னைக் கட்டிலில் உட்காரவைத்து, தலையை ஒரு பக்கம் திருப்பி, சட்டென்று சாய்த்து, கண் துடிப்பதைக் கவனித்து, பிறகு அடுத்தடுத்த நிலைகளில் தலையைத் திருப்பித் துகள்களை அவற்றின் இடத்துக்கே உருட்டிவிட்டார். எப்லி முறை என்று அதற்குப் பெயர். இரண்டு தடவை செய்ததில் படுக்கைச் சுழற்சி போய்விட்டது. நான்கு மாதத் துன்பம், பதினைந்து நிமிடச் சிகிச்சை. இதைப் பயிற்சி பெற்றவர்தான் செய்ய வேண்டும். கைப்பேசிக் காணொளியைப் பார்த்து வீட்டில் தலையை முறுக்கக் கூடாது, கழுத்து எலும்பிலும் அடிபட்டிருக்கலாம்.

இரண்டாவது கண். பேனாவின் முனையை மூக்கை நோக்கிக் கொண்டுவந்து, எங்கே இரண்டாகத் தெரிகிறது என்று கேட்டார். ஒரு சாண் தூரத்திலேயே எனக்கு இரண்டாகிவிட்டது. அருகில் பார்க்க இரு கண்களும் ஒன்றுகூடி உள்நோக்கித் திரும்ப வேண்டும். அந்தத் திறன் தளர்ந்திருந்ததால்தான் விடைத்தாள் வரிகள் ஏறி மிதந்தன. பார்வைக் கண்ணாடியின் குறை அல்ல அது. தினமும் சில நிமிடம் பேனா முனையைத் தொடரும் பயிற்சியில் இரண்டு மாதத்தில் சீரானது.

மூன்றாவது கழுத்து. தலை தரையில் மோதும்போது கழுத்துத் தசைகளும் மூட்டுகளும் சுண்டி இழுக்கப்படுகின்றன. பொடனியிலிருந்து கிளம்பி நெற்றிக்கு ஏறும் என் தலைவலியில் பாதிக்கு மேல் கழுத்தில் பிறந்தது. மெல்லிய அசைவுப் பயிற்சிகளும், விடைத்தாளைக் குனிந்து திருத்தாமல் சாய்வுப் பலகையில் வைத்துத் திருத்துவதும் அதைத் தணித்தன.

மீதித் தலைவலிக்குக் காரணம் நான் விழுங்கிய மாத்திரைகளேதான். மருந்துக்கடையில் சீட்டு இல்லாமலே கிடைக்கும் வலி மாத்திரையை நவம்பரிலிருந்து ஏறக்குறைய தினமும் போட்டிருக்கிறேன். சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கும் மேலாகத் தொடர்ந்து எடுத்தால் அந்த மாத்திரையே தலைவலியை வளர்க்கும். ஒன்றுக்கு மேற்பட்ட மருந்து சேர்ந்த கலவை மாத்திரைகள் என்றால் 10 நாளே போதும். மருத்துவர் அவற்றை நிறுத்தச் செய்து, இரவில் குறைந்த அளவில் வேறொரு மருந்து கொடுத்தார். அதன் பெயரை எழுதவில்லை, ஏனென்றால் அது என் உடம்புக்குப் பார்த்துக் கொடுத்தது. நிறுத்திய முதல் பத்து நாள் தலைவலி கூடியது. அந்தப் பத்து நாளைத் தாண்ட என் கணவர் துணை நின்றதை நான் மறக்க மாட்டேன்.

இவற்றுக்குப் பிறகு வந்ததுதான் உண்மையான வைத்தியம்: அளந்து உழைப்பது. ஓடுபொறியில் என்னை நடக்கவைத்து, பொறியின் சரிவைச் சிறிது சிறிதாக உயர்த்தி, நாடித்துடிப்பு 125ஐத் தொட்டபோது தலைவலி தலைதூக்குவதைக் கண்டார்கள். இந்தச் சோதனை முறையை அமெரிக்காவின் பஃபலோ நகர மருத்துவர்கள் வகுத்தார்கள். அந்த எல்லைக்குக் கீழே, 100க்கும் 110க்கும் இடையில் துடிப்பு இருக்கும்படி, தினமும் இருபது நிமிடம் நடக்க வேண்டும் என்பது எனக்கு இட்ட கட்டளை. விடியற்காலையில் தென்பெண்ணைக் கரையோரம் மணிக்கட்டில் விரல் வைத்து, கடிகாரத்தைப் பார்த்து 15 நொடி எண்ணி நான்கால் பெருக்கிக்கொண்டு நடந்தேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எல்லையைச் சற்று உயர்த்தினோம்.

அதோடு ஒரு நீள நோட்டில் நாள்தோறும் எழுதினேன். தலைவலிக்குப் பூச்சியம் முதல் பத்துவரை ஒரு மதிப்பெண், தூங்கிய மணி, நடந்த நிமிடம், படித்த பக்கம். விதி ஒன்றே: ஒரு வேலையைத் தொடங்கும்போது இருந்த மதிப்பெண்ணைவிட இரண்டுக்குள் கூடி, ஒரு மணி நேரத்துக்குள் தணிந்தால் அந்த வேலை நல்லது, தொடரலாம், இரண்டுக்கு மேல் ஏறினால் நிறுத்தி, மறுநாள் அதைச் சற்றுக் குறைவாகச் செய்ய வேண்டும். இந்த விதி எனக்குக் கொடுத்தது நிதானம் மட்டுமல்ல, துணிச்சலும். முன்பெல்லாம் சிறிது வலித்தாலும் மூளை மேலும் கெடுகிறது என்று பயந்து படுத்துவிடுவேன். சிறு வலி சேதமல்ல என்று தெரிந்த பிறகுதான் கால் முன்னே போயிற்று. நல்லாயிருக்கும் நாளில் வீடு முழுவதையும் ஒழித்துத் துடைத்துவிட்டு அடுத்த மூன்று நாள் விழுந்து கிடக்கும் பழக்கத்தையும் அந்த நோட்டுதான் எனக்குக் காட்டிக் கொடுத்தது. நல்ல நாளிலும் அளவோடு நிறுத்துவதுதான் எல்லாவற்றிலும் கடினமானது.

தூக்கத்துக்கும் ஒழுங்கு செய்தோம். எப்போது தூங்கினாலும் காலை ஐந்தரைக்கு எழுந்து வெயிலைப் பார்ப்பது, பகலில் அரை மணிக்கு மேல் படுக்காதது, மதியத்துக்குப் பின் தேநீர் இல்லை, கைப்பேசி அடுத்த அறையில். மனம் தளர்ந்ததற்கும் வெட்கமில்லாமல் ஆலோசனை பெற்றேன். அழுகையும் எரிச்சலும் காயத்தின் பகுதி என்று ஒருவர் வாய்விட்டுச் சொல்லக் கேட்டதே பாதி மருந்தாக இருந்தது. அதை மகனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டேன்.

2023 ஜூனில் பள்ளி திறந்தபோது மருத்துவச் சான்றிதழோடு தலைமையாசிரியரிடம் நேரே போய்ப் பேசினேன். முழு வேலை அல்லது முழு விடுப்பு என்ற இரண்டைத் தவிர மூன்றாவது வழியை நாம் கேட்கத் தயங்குகிறோம். முதல் மாதம் காலையில் இரண்டு பாடவேளை, அடுத்த மாதம் மூன்று, இடையில் நூலகத்தில் பத்து நிமிடம் கண்மூடி அமர அனுமதி, மைதானத்தில் ஒலிபெருக்கி கட்டும் நாட்களில் பொறுப்பு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன், ஒப்புக்கொண்டார். தாள்களைப் பத்துப் பத்தாகப் பிரித்துத் திருத்தினேன். தீபாவளிக்குள் முழு நாளும் வகுப்பில் நின்றேன். மறந்த அந்தச் செய்யுளின் இரண்டாம் அடி ஆகஸ்டில் ஒருநாள், பால் காய்ச்சிக்கொண்டிருக்கும்போது, தேடாமலே நாவில் வந்து நின்றது.

தேறிய பிறகும் ஒரு பயம் நீங்கவில்லை. என் மாமனாரின் அண்ணன் கடைசிக் காலத்தில் மகளையே அடையாளம் தெரியாமல் இருந்தவர். எனக்கும் அப்படி வருமோ என்று மருத்துவரிடம் கேட்டேன். ஒருமுறை ஏற்பட்ட மூளை அதிர்ச்சியிலிருந்து தேறியவர்களில் பெரும்பாலோருக்கு அப்படி நேர்வதில்லை. மீண்டும் மீண்டும் படும் அடியும் கடுமையான அடியும்தான் பெரிய கவலை என்றார். ஆகவே முதல் கடமை மறுபடி அடிபடாமல் பார்த்துக்கொள்வது, குறிப்பாக முதல் அடி ஆறும் முன்னே. அடுத்த கடமை, மூளையைத் தேய்க்கும் மற்றக் காரணங்களைக் குறைப்பது. லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு 2024இல் வெளியிட்ட அறிக்கை, மறதி நோய்க்கு வழிவகுக்கும், நம்மால் மாற்றக்கூடிய 14 காரணங்களைச் சொல்கிறது. அவற்றை முழுமையாக நீக்க முடிந்தால் உலகில் ஏறக்குறைய 45 சதவீத மறதி நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அதன் மதிப்பீடு. தலைக்காயம் அந்தப் பதினான்கில் ஒன்று. ரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, புகை, மது, உடலுழைப்பின்மை, செவித்திறன் குறைவு, பார்வைக் குறைவு, மனச்சோர்வு, தனிமை, காற்று மாசு ஆகியவையும் அதில் இருக்கின்றன.

அந்தப் பட்டியலைப் படித்தபோது எனக்கு ஆறுதல்தான் வந்தது. விழுந்ததை மாற்ற முடியாது, மற்றவற்றை மாற்றலாம். பெங்களூரில் பார்த்தபோதுதான் என் ரத்த அழுத்தம் 150ஐத் தொட்டிருந்தது தெரிந்தது; அதற்கு முன் நான் அளந்ததே இல்லை. இப்போது மாத்திரையோடு, ஊறுகாயையும் கருவாட்டையும் குறைத்து, மேல் அளவு 130க்குள் வைத்திருக்கிறேன். வாசலில் விறகு மூட்டி வெந்நீர் போடும் அடுப்பின் புகையை மாமியாரும் நானும் முப்பது ஆண்டு சுவாசித்திருக்கிறோம், அதை நிறுத்திவிட்டோம். மாமனாருக்குக் காது மந்தமாகி, திண்ணைப் பேச்சுக்கே போகாமல் ஒதுங்கியிருந்தார். வயதானால் அப்படித்தான் என்று விட்டுவிட்டிருந்தோம். காதுக்கருவி வாங்கிக் கொடுத்த மாதத்திலிருந்து மறுபடி சந்தைக்கும் பஞ்சாயத்துப் பேச்சுக்கும் போகிறார். நடை எனக்கு நிலைத்துவிட்டது; களியும் கீரையும் எங்கள் வீட்டில் முன்பே உண்டு.

தலைக்கவசத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு ஓட்டுகிறவருக்கும் பின்னால் உட்காருகிறவருக்கும் சேர்த்தேதான் அதைக் கட்டாயமாக்குகிறது. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த கணக்கின்படி, தலைக்கவசம் தலைக்காயத்தை சுமார் 69 சதவீதமும் மரணத்தை சுமார் 42 சதவீதமும் குறைக்கிறது. மண்டைக்குள் மூளை குலுங்குவதை அது முழுமையாகத் தடுக்காது. எலும்பு முறிவையும் ரத்தக் கசிவையும் பெருமளவு தடுக்கும். ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 4151 என்ற எண்ணும் உள்ளதை வாங்கி, தாடைப்பட்டையைப் பூட்டி அணிய வேண்டும். பூட்டாத தலைக்கவசம் நம் தலைக்கு முன்னே தரையைத் தொடும். சேலை கட்டியிருந்தாலும் இருபுறமும் கால் போட்டு உட்கார முடியாதா என்று யோசித்து, பள்ளிக்குச் சுடிதாருக்கு மாறினேன். தொப்பூர்க் கணவாய்க்குப் போனால்தான் விபத்து, பாலக்கோடு சாலையில் என்ன ஆகிவிடும் என்று நினைத்தவள் நான். என்னைத் தள்ளியது வீட்டிலிருந்து மூன்று கிலோமீட்டரில் இருந்த வேகத்தடை.

சென்ற ஆண்டு எங்கள் பள்ளி மைதானத்தில் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனின் நெற்றிப்பொட்டில் கிரிக்கெட் பந்து பட்டது. ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு மறுபடி மட்டையைத் தூக்கினான். நான் மைதானத்துக்குள் போய் அவனை வெளியே அழைத்து வந்தேன். பையன்களுக்குக் கோபம். 2020 டிசம்பர் 4 அன்று கான்பராவில், சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டி நடராஜன் இந்தியாவுக்காக முதல் இருபது ஓவர் ஆட்டம் ஆடிய அந்த நாளில், ஜடேஜாவின் தலைக்கவசத்தில் பந்து பட்டதையும், அவருக்குப் பதிலாகச் சாஹல் இறங்கிப் பந்து வீசியதையும் நினைவூட்டினேன். 2019 ஆகஸ்ட் முதல் சர்வதேச கிரிக்கெட்டிலேயே அதற்கு விதி இருக்கிறது. தலையில் அடிபட்டு அறிகுறி தெரிந்தால் அன்று மறுபடி ஆடக் கூடாது. ஆறாத மூளையில் விழும் இரண்டாவது அடி, வளரும் பிள்ளைகளுக்கு அரிதாக உயிரையே பறிக்கும் வீக்கத்தைக் கொண்டுவரலாம்.

மாலையில் அவன் அம்மா வந்தார். 'ஸ்கேன் எடுத்துட்டோம் டீச்சர், ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாங்க' என்றார். மகிழ்ச்சியாக இருந்தது எனக்கு, உண்மையிலேயே. அவரை உட்காரவைத்து ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்: இரண்டு நாள் வீட்டில் ஓய்வு, கைப்பேசி குறைவு, பிறகு மெதுவான நடை, தலைவலி இல்லாவிட்டால் அரை நாள் பள்ளி, அப்புறம் முழு நாள், அதன்பின் ஓட்டம், தனியாகப் பந்துப் பயிற்சி, மருத்துவர் சொன்ன பிறகே ஆட்டம், ஒவ்வொரு படிக்கும் இடையில் குறைந்தது ஒரு நாள், அறிகுறி கூடினால் ஒரு படி இறங்க வேண்டும். தாளின் கீழே ஆபத்து அறிகுறிகளையும் 108ஐயும் எழுதினேன். நான்காம் நாள் அவனுக்கு வகுப்பில் தலை வலித்தது. ஒரு படி இறங்கினோம். பதினெட்டாம் நாள் மைதானத்துக்குத் திரும்பினான், தலைக்கவசத்தோடு.